சாய்வெளிச்சம்

ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும்போது
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே நவீந்திரன் சொன்னான்:
"அக்கா, மீன் ரெண்டு நாளா சாப்பிடல. பாத்துக்கோங்க."
நான் அந்த வீட்டில் அறை எடுத்திருப்பவள்.
குளிர்பெட்டியில் ஓர் அடுக்கு,
துணி காயப்போட ஒரு மூங்கில் கழி.
மீன் ஒப்பந்தத்தில் இல்லை.

மலச்சிக்கல் என்று முதலில் நினைத்தேன்.
மூன்று நாள் பட்டினி போட்டேன்.
பட்டாணியைத் தோலுரித்து நகத்தால் நசுக்கி நீட்டினேன்.
யீஷூன் கோழிச்சோற்றுக் கடையில்
கோழி இல்லாமல் கேட்டபோது
எனக்குக் கிடைத்த அதே பார்வை.

வயிறு வீங்கவில்லை. செதில் நிமிரவில்லை.
துடுப்புகளை மட்டும்
நனைந்த குடைபோல் மடக்கிவைத்திருந்தான்.
அப்புறம் பார்த்தேன், வடிகட்டிக் குழாயில்
விலாவைத் தேய்த்துத் தேய்த்துப் போகிறான்.
அரிப்பெடுத்தவன் செய்வது அது.

என் வேலை தூசி தேடுவது.
உட்லண்ட்ஸில், இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்
வேஃபர் வட்டைச் சாய்த்துப் பிடித்துப்
பக்கவாட்டில் விளக்கடிப்பேன்.
நேர் வெளிச்சத்தில் எல்லாமே சுத்தம்தான்.

ஆகவே விளக்கை அணைத்தேன்.
கைபேசி டார்ச்சைத் தொட்டியின் ஓரத்தில்
கிடைமட்டமாக வைத்தேன்.
அவன் திரும்பினான்.
கருநீல முதுகு முழுக்கப் பொன்.
பட்டறை மேசையில் ஊதக்கூட அஞ்சும்
அத்தனை நைசான தூள்.
ஐயோ, எவ்வளவு அழகு என்றுதான் முதலில் தோன்றியது.

"வெல்வெட்," என்றார் மீன்கடை குவெக்,
படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல்.
துணிக்கடைப் பெயர்; தோலில் ஊன்றும் ஒட்டுண்ணி.
பாதி செடி, வெளிச்சத்தையும் தின்னும்.
"லைட் வேண்டாம். ஏர்கான் வேண்டாம்.
ஃபில்டர்ல இருக்கிற கரியை எடு, மருந்தைக் குடிச்சிடும்."
செம்பு கலந்த மருந்து, எட்டு வெள்ளி அறுபது காசு.

வீட்டிலேயே இருட்டான அறை என்னுடையது.
தொட்டியைத் தூக்கிவந்தேன்.
குழாய்த் தண்ணீரின் மருந்தை முறிக்க ஒரு மருந்து,
பிறகு செம்பு, உதடு அசைய எண்ணி.
புளோக்குக்குக் கீழே கெத்தாப்பாங் மரத்தடியில்
துடைப்பம் வருவதற்குள்
சிவந்த சருகு இரண்டு பொறுக்கிக் கழுவிப் போட்டேன்.
தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது.
சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டினேன்.
உள்பக்கம் அமைந்தது வாடகை அறை விளம்பரம்.
இருட்டில் எழுத்து தெரிந்திருந்தால்
அவன் பத்து நாளும் படித்திருப்பான்:
ஒருவருக்கு மட்டும். சமையல் கூடாது.

பகலில் தூங்குகிறவள் நான்.
ஏர்கான் இல்லை. தலையணை கன்னத்தில் ஒட்டியது.
விசிறி மட்டும் கழுத்தைத் திருப்பி
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

வேலையில் ஒரு நடுநிசி,
வட்டில் ஒற்றைத் துகள்.
வழக்கம்போல் எண்ணைக் குறித்து ஒதுக்கினேன்.
அதற்குச் செம்பு இல்லை, சருகு இல்லை,
பத்து நாள் தவணை இல்லை.
கை கொஞ்சம் தாமதித்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஏழாம் நாள் ஓர் உருண்டையைக் கவ்வித் துப்பினான்.
மறுபடி கவ்வினான்.
துப்பவில்லை.
கம்பெனிப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம்
சொல்ல வாயெடுத்தேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

காட்டுப் பயிற்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து
நவீந்திரன் வந்தான். தாளைக் கிழித்தான்.
"என்னக்கா, மங்கிப்போயிட்டான்?
சாயங்கால வெயில்ல தங்கமாட்டம் மின்னுவானே."

"அதான் சீக்கு," என்றேன்.

அவன் குனிந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டினான்:
மொட்டைத் தலை, வெயிலில் தோலுரிந்த மூக்கு.
உள்ளே செவுள் விரிந்தது.
துடுப்பெல்லாம் திறந்துகொண்டு
அந்த மூக்கைப் பார்த்து
சண்டைக்கு வந்தான்.